ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, பார்ட்டிஷனைக் காணோம்: ஃபார்மட் அழுத்தும் முன்

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் சொருகியதும் விண்டோஸ் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து, இந்த டிரைவை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யட்டுமா என்று கேட்கும். கேன்சல் கொடுங்கள். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் விண்டோஸ் கருவியான டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்ய, அதாவது புதிதாகத் தயார்படுத்த, சொல்லி இன்னொரு பெட்டி வரலாம். அதற்கும் கேன்சல்தான். பார்ட்டிஷன், அதாவது கோப்புகளுக்காக டிஸ்க்கில் ஒதுக்கிய பகுதி, காணாமல் போன டிஸ்க்கில் கோப்புகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். சரிசெய்கிறேன் என்று டிஸ்க்கின்மேல் எதையாவது எழுதிவிடும்போதுதான் அவை நிஜமாகவே தொலைகின்றன.

அதனால் வேலையின் வரிசை முக்கியம். முதலில் மின்சாரமும் கேபிளும், அடுத்து டிஸ்க்கின் உடல்நிலை, பிறகு நகல். பார்ட்டிஷனைத் தொடுவது இதற்கெல்லாம் பிறகு.

மின்சாரம், கேபிள்

தனி அடாப்டர் இல்லாத 2.5 அங்குல டிஸ்க்குகள் முழு மின்சாரத்தையும் யுஎஸ்பி போர்ட்டிலிருந்தே எடுக்கின்றன. யுஎஸ்பி 2.0 போர்ட்டின் கணக்கு 500 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3.0 போர்ட்டின் கணக்கு 900. நின்றிருக்கும் தட்டைச் சுழற்றிவிடும் முதல் சில நொடிகளில் டிஸ்க் 1 ஆம்பியரை ஒட்டிக் கேட்கும். டெஸ்க்டாப்பின் முன்பக்க போர்ட், பவர் இல்லாத யுஎஸ்பி ஹப், ஒன்றரை மீட்டர் நீட்டிப்பு கேபிள் ஆகிய மூன்றும் இந்த இடத்தில்தான் காலை வாரும். விளக்கு எரியும், டிஸ்க் சுழலாது. சில நேரம் சுழன்று, கணினியில் ஒரு முறை மணி அடித்து, உடனே துண்டித்துக்கொள்ளும். டெஸ்க்டாப் என்றால் பின்பக்கம் மதர்போர்டில் நேரடியாக இருக்கும் போர்ட்டிலும், லேப்டாப் என்றால் சார்ஜரை இணைத்துக்கொண்டும் சொருகிப் பாருங்கள்.

கேபிளில் அதிகம் கெடுவது அந்த அகலமான மைக்ரோ-பி முனைதான். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துண்டுகளாகத் தெரியுமே, அது. பையில் கேபிளோடு வைத்துச் சுமந்தால் டிஸ்க் பக்கத்துச் சாக்கெட் தளர்ந்துவிடும். இதைச் சோதிக்க ஒரு சுருக்கு வழி உண்டு. பழைய செல்போன்களின் மைக்ரோ யுஎஸ்பி கேபிள், அந்தச் சாக்கெட்டின் பெரிய பாதியில் அப்படியே பொருந்தும். டேட்டா போகும் கேபிளாக இருக்க வேண்டும், சார்ஜ் மட்டும் ஏற்றுவது உதவாது. அதைச் சொருகினால் டிஸ்க் யுஎஸ்பி 2.0 வேகத்தில் ஓடும். இப்படி வேலை செய்து, ஒரிஜினல் கேபிளில் வேலை செய்யவில்லை என்றால் கோளாறு யுஎஸ்பி 3.0 முள்களில் இருக்கிறது, பார்ட்டிஷனில் இல்லை.

3.5 அங்குல டிஸ்க்குகளுக்கு 12 வோல்ட் அடாப்டர் வேண்டும், பெரும்பாலும் 1.5 அல்லது 2 ஆம்பியர். முனை பொருந்துகிறதே என்று 19 வோல்ட் லேப்டாப் சார்ஜரைச் சொருகினால் பலகை கருகும். ரவுட்டருடன் வரும் 12 வோல்ட் அடாப்டர் பலவும் 1 ஆம்பியர் அல்லது அதற்கும் கீழே. அதில் தட்டு சுழலத் திணறும், நீங்கள் டிஸ்க்கைச் சந்தேகிப்பீர்கள்.

இப்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். மெல்லிய சுழலும் ஓசை சீராக வந்தால் நல்லது. 'டக்… டக்… டக்…' என்று ஒரே இடைவெளியில் தட்டினால் ஹெட் தட்டைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது. 'பீ… பீ…' என்று விட்டுவிட்டு முனகினால் மோட்டார் சுழல முடியவில்லை. மின்சாரம் போதாமலிருக்கலாம், அல்லது ஹெட் தட்டில் ஒட்டியிருக்கலாம். நல்ல கேபிள், நல்ல போர்ட் மாற்றியும் இந்த ஓசைகள் நிற்கவில்லையென்றால், உள்ளே இருப்பது வேண்டிய தகவலாக இருந்தால், டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு டேட்டா மீட்பு ஆய்வகத்தைத் தேடுங்கள். கீழே விழுந்த டிஸ்க்குக்கும் இதே கதைதான். ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் சேதமான ஹெட் தட்டின் காந்தப் பூச்சை உரசிக்கொண்டிருக்கும். ஃபிரீசரில் வைப்பது, தட்டிப் பார்ப்பது, மூடியைத் திறந்து பார்ப்பது எல்லாம் இருக்கும் கொஞ்ச வாய்ப்பையும் கெடுக்கும் வேலை.

டிஸ்க் மேனேஜ்மென்ட் சொல்வதைப் படித்தல்

விண்டோஸ் விசையும் எக்ஸும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட். கீழ்ப்பாதியில் ஒவ்வொரு டிஸ்க்கும் ஒரு வரிசையாக இருக்கும். பலரும் பார்ட்டிஷன் கட்டத்தை மட்டும் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது இடது ஓரத்தில் இருக்கும் கொள்ளளவு.

1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்றும், 2 டிபி டிஸ்க் 1863 ஜிபி என்றும், 4 டிபி டிஸ்க் 3726 ஜிபியை ஒட்டியும் காட்ட வேண்டும். கொள்ளளவு சரியாக இருந்தால் கணினியும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன, கோளாறு தகவல் அடுக்கில்தான் என்று நம்பலாம். 'நோ மீடியா' என்று வந்தால், பெட்டிக்குள் இருக்கும் யுஎஸ்பி பலகை பதில் சொல்கிறது, அதன் பின்னால் இருக்கும் டிஸ்க் சொல்லவில்லை என்று பொருள். அதை எந்த மென்பொருளும் சரிசெய்யாது. 3 டிபி டிஸ்க் 746 ஜிபி மட்டும் காட்டுகிறதா? பயப்பட வேண்டாம். டிஸ்க் தகவலைச் செக்டர் என்ற சின்னத் துண்டுகளாக எண்ணி வைக்கிறது. பழைய பெட்டி அல்லது டாக் 32 பிட் செக்டர் எண் வரைதான் எண்ணத் தெரிந்தது. 2.2 டிபி தாண்டியதும் எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்குத் திரும்பி, மிச்சம் மட்டும் தெரிகிறது. பெட்டியை மாற்றினால் போதும். அந்தப் பெட்டியிலேயே வைத்து எதையாவது எழுதினால்தான் ஆபத்து, எழுத்து தவறான இடத்தில் போய் விழும்.

கொள்ளளவு சரி என்றால் கட்டத்துக்கு வாருங்கள்.

ஹெல்தி என்று இருந்து டிரைவ் எழுத்து மட்டும் இல்லையென்றால், இது சிரித்துக்கொண்டே சரிசெய்யக்கூடியது. கட்டத்தில் ரைட் கிளிக், டிரைவ் எழுத்தை மாற்று, ஆட், ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுத்து ஓகே. அலுவலகக் கணினிகளில் இது அடிக்கடி நடக்கும். நெட்வொர்க் ஃபோல்டர் ஒன்று இ அல்லது எஃப் எழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், டிஸ்க்கும் அதே எழுத்தைக் கேட்டுத் தோற்கும். ஆங்கில வரிசையின் கடைசிப் பக்கத்தில், ஆர் (R) அல்லது டி (T) போன்ற எழுத்தைக் கொடுத்துவிட்டால் மறுபடி மோதாது.

ஆஃப்லைன் என்று இருந்தால் இடது ஓரத்துக் கட்டத்தில் ரைட் கிளிக் செய்து ஆன்லைன் ஆக்குங்கள். குளோன் செய்த டிஸ்க்கையும் மூலத்தையும் ஒன்றாகச் சொருகினால் இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளும். ஆன்லைன் ஆக்கினால் அதற்குப் புது எண் எழுதப்படும். மூலத்தைத் தொடக்கூடாது என்றால் அதைக் கழற்றிவிட்டு நகலை மட்டும் ஆன்லைன் ஆக்குங்கள்.

'ரா' என்று இருந்தால், பார்ட்டிஷன்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணை நலம், பார்ட்டிஷனுக்குள் கோப்புகளின் கணக்கை வைத்திருக்கும் ஃபைல் சிஸ்டத்தின் தலைப்பு படிக்கவில்லை. 'அன்அலொகேட்டட்' என்றால் அட்டவணையே போய்விட்டது அல்லது அதில் வரி அழிந்திருக்கிறது. 'நாட் இனிஷியலைஸ்டு' என்றால் முதல் செக்டரே படிக்கவில்லை, அல்லது அதில் அடையாளம் இல்லை. 'ஜிபிடி புரொடெக்டிவ் பார்ட்டிஷன்' என்று வந்தால் கதை வேறு, பின்னால் வருகிறது.

உடல்நிலை பார்க்காமல் ஸ்கேன் போடாதீர்கள்

மீட்பு மென்பொருள்கள் டிஸ்க் முழுவதையும் மணிக்கணக்கில் படிக்கும். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அதுவே கடைசி ஓட்டமாகிவிடலாம். ஆகவே முதலில் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளைத் திறந்து நான்கு வரிகளைப் பாருங்கள்.

05 என்ற வரி, டிஸ்க் ஏற்கெனவே ஒதுக்கிவிட்டு மாற்று இடம் கொடுத்த செக்டர்கள். சி5, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள். சி6, திருத்தவே முடியாதவை. சி7, கேபிள் வழியில் சிதைந்த தகவலின் எண்ணிக்கை. சி7 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க் நலம், இணைப்பு மோசம். சி5 பூஜ்ஜியமாக இல்லாவிட்டால், அந்த எண்ணிக்கை சிறிதே ஆனாலும், பழுது நீக்கத்தை நிறுத்திவிட்டு நகல் எடுக்கப் போங்கள். காணாமல் போன பார்ட்டிஷனுக்குக் காரணமே அந்தக் காத்திருக்கும் செக்டர்களில் ஒன்று அட்டவணையிலோ ஃபைல் சிஸ்டத்தின் தலைப்பிலோ விழுந்ததாக இருக்கலாம். ஒரு விஷயம்: அந்த மென்பொருள் வழக்கமாக எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டும். 10 என்று பார்த்தால் அது 16. ஃபங்ஷன் மெனுவில் ரா மதிப்புகளைப் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சில யுஎஸ்பி பெட்டிகள் இந்தத் தகவலை வெளியே விடாது. அப்போது விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைப் பாருங்கள். டிஸ்க் என்ற மூலத்தில் எண் 7 வந்தால் கெட்ட செக்டர். 153 வந்தால் படிக்கும் முயற்சியைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. 157 என்றால் டிஸ்க் திடீரென்று காணாமல் போயிருக்கிறது, கேபிளையும் மின்சாரத்தையும் மறுபடி பாருங்கள். விண்டோஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் என்ற மூலத்தில் 55 வந்தால் ஃபைல் சிஸ்டத்தின் கட்டமைப்பு கெட்டிருக்கிறது.

நகல்

சி5 பூஜ்ஜியம், ஓசை சீர், டிஸ்க்கில் இருப்பது திரும்பத் தரவிறக்கக்கூடிய படங்கள்தான் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். கல்யாண வீடியோ, ஆய்வேடு, கணக்குப் புத்தகம் என்றால் தாண்டக்கூடாது.

உபுண்டு போன்ற லினக்ஸை ஒரு பென் டிரைவிலிருந்து ஏற்றி, ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற கருவியை நிறுவுங்கள். இலக்கு டிஸ்க் மூலத்தைவிட ஒரு பைட்டும் குறையக்கூடாது. 2 டிபிக்கு இன்னொரு கம்பெனியின் 2 டிபி சில நேரம் ஓரிரு செக்டர் குறையும், அடுத்த அளவே வாங்கிவிடுங்கள். கட்டளையில் முதலில் மூலம், இரண்டாவது இலக்கு, மூன்றாவது, எதுவரை படித்தாயிற்று என்று குறித்துவைக்கும் மேப் கோப்பு. மூலமும் இலக்கும் மாறிப்போனால் காலி டிஸ்க் உங்கள் தகவலின்மேல் எழுதப்படும், அதற்கு மருந்து இல்லை. டிஸ்க்கின் பெயரை மட்டும் நம்பாமல், லினக்ஸின் டிஸ்க்ஸ் செயலியில் மாடலையும் சீரியல் எண்ணையும் ஒப்பிட்டு, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு என்டர் தட்டுங்கள்.

முதல் சுற்றை என் (-n) என்ற சுவிட்ச் போட்டு ஓட்டுங்கள். எளிதாகப் படிப்பதையெல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட பகுதிகளைச் சுரண்டாமல் விட்டுவிடும். இரண்டாவது சுற்றில் டி (-d) சுவிட்ச்சும் ஆர்3 (-r3) என்ற மறுமுயற்சி எண்ணும் கொடுத்து, அதே மேப் கோப்போடு ஓட்டினால் விட்டுப்போன இடங்களுக்கு மட்டும் போகும். நடுவில் கரண்ட் போனாலும் மேப் கோப்பு இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்தக் கோப்பை பென் டிரைவிலிருந்து ஏற்றிய லினக்ஸின் தற்காலிக நினைவகத்தில் வைக்காதீர்கள், கணினி அணைந்தால் அதுவும் போய்விடும்.

நேரக் கணக்கு: நொடிக்கு 100 எம்பி வந்தால் 1 டிபிக்கு மூன்று மணி நேரம் போல ஆகும். யுஎஸ்பி 2.0 வழியே 30 முதல் 35 எம்பிதான், ஆகவே 1 டிபிக்கே எட்டு ஒன்பது மணி நேரம். பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க் இத்தனை நேரம் ஓடினால் சூடாகும். மேஜை விசிறியை அதன் பக்கம் திருப்பி வையுங்கள். 50 டிகிரியைத் தாண்டினால் நிறுத்தி ஆறவிட்டுத் தொடரலாம்.

இனி செய்வதெல்லாம் அந்த நகலின்மேல். மூலத்தைக் கழற்றி அலமாரியில் வையுங்கள்.

அட்டவணை போனால்: டெஸ்ட்டிஸ்க்

அன்அலொகேட்டட் என்று காட்டும் டிஸ்க்கில் உண்மையில் என்ன தொலைந்தது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். அட்டவணை எழுதுவதில் இரண்டு முறைகள் உண்டு. பழைய எம்பிஆர் முறையில் டிஸ்க்கின் முதல் செக்டர் 512 பைட். அதில் 446ஆவது பைட்டிலிருந்து தலா 16 பைட் கொண்ட நான்கு வரிகள்தான் பார்ட்டிஷன் அட்டவணை. 64 பைட், அவ்வளவே. கடைசி இரண்டு பைட் 55, ஏஏ என்று முடியும். இந்தச் சின்ன இடம் அழிந்தால் 2 டிபியும் காலி போலத் தெரியும். புதிய ஜிபிடி முறை இன்னும் தாராளமானது. முதல் செக்டரில் ஒரு காவல் அட்டவணை, அடுத்ததில் உண்மையான தலைப்பு, பிறகு 128 வரிகள், இவற்றின் பிரதி டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும்.

டெஸ்ட்டிஸ்க் ஒரு இலவச, திறந்த மூல மென்பொருள். கறுப்புத் திரையில் எழுத்துகளாக வருவதால் பழையது போலத் தெரியும், ஆனால் காசு கொடுத்து வாங்கும் பலவற்றைவிட இந்த வேலைக்கு இதையே நம்பலாம். அது டிஸ்க்கைத் துழாவி ஒவ்வொரு பார்ட்டிஷனின் தலைப்பையும் கண்டுபிடித்து, அட்டவணையை மறுபடி கணக்கிடும். ரைட் (Write) என்று நீங்கள் சொல்லும்வரை டிஸ்க்கில் ஓர் எழுத்தும் எழுதாது.

1. நிர்வாகி உரிமையோடு திறந்து, கிரியேட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது பதிவுக் கோப்பு, பழுதான டிஸ்க்கில் வைக்காதீர்கள்.

2. பட்டியலில் டிஸ்க்கை அதன் கொள்ளளவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முழு டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும், டிரைவ் எழுத்தை அல்ல.

3. அட்டவணை வகை. எம்பிஆர் என்றால் இன்டெல், ஜிபிடி என்றால் ஈஎஃப்ஐ ஜிபிடி. அதுவாகவே ஒன்றைப் பரிந்துரைக்கும். பொதுவாக அதுவே சரி. ஆனால் தவறுதலாக இனிஷியலைஸ் செய்துவிட்ட டிஸ்க்கில் புது வகையைத்தான் பரிந்துரைக்கும், உங்களுக்குத் தேவை பழையது. 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க் என்றால் அநேகமாக ஜிபிடி.

4. அனலைஸ், பிறகு குயிக் சர்ச். சில நொடிகளில் தொலைந்த பார்ட்டிஷன் பச்சை எழுத்தில் வரும்.

5. இங்கேதான் நிதானம் வேண்டும். பார்ட்டிஷனின்மேல் நின்று பி (P) விசையை அழுத்துங்கள். உங்கள் ஃபோல்டர்களின் பெயர்கள் வர வேண்டும். வந்தால் அது சரியான பார்ட்டிஷன். வராவிட்டால், அது முன்பு எப்போதோ இருந்து அழிக்கப்பட்ட பழைய பார்ட்டிஷனின் எச்சமாக இருக்கலாம். கியூ அழுத்தி வெளியே வந்து, என்டர் தட்டி, டீப்பர் சர்ச் ஓட்டுங்கள். இது டிஸ்க் முழுவதும் போகும், இரவு விட்டுவிட்டுத் தூங்கலாம்.

6. ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரண்டு பார்ட்டிஷன்கள் வந்தால், பெயர்கள் தெரிவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இடது வலது அம்புக்குறியால் டி என்று, அதாவது அழிக்கப்பட்டது என்று குறியுங்கள். வைத்துக்கொள்வது பி, அதாவது பிரைமரி.

7. ரைட் கொடுக்கும் முன் இன்னொரு வழி இருக்கிறது. அதே பெயர்ப் பட்டியலில் ஏ விசை எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும், ஷிஃப்டும் சியும் தேர்ந்தெடுத்ததை வேறு டிஸ்க்குக்கு நகலெடுக்கும். முதலில் கோப்புகளை வெளியே எடுத்துவிட்டால் பிறகு ரைட் தவறினாலும் கவலையில்லை. நகல் டிஸ்க் இல்லாமல் வேலை செய்பவர்கள் இதைத்தான் செய்ய வேண்டும்.

8. ரைட், ஒய். டிஸ்க்கைக் கழற்றி மறுபடி சொருகுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் சந்தேகம்: இனிஷியலைஸ் அழுத்திவிட்டேன், எல்லாம் போய்விட்டதா? பெரும்பாலும் இல்லை. அது அட்டவணையை மட்டும் புதிதாக எழுதுகிறது. பார்ட்டிஷன் வழக்கமாக 2048ஆவது செக்டரில்தான் தொடங்கும், பழைய எக்ஸ்பி காலத்து டிஸ்க் என்றால் 63இல். ஜிபிடி எழுதும்போதுகூட முன்பக்கம் 34 செக்டர்களுக்குள் முடிந்துவிடும். குயிக் ஃபார்மட் அதைவிட மோசம், ஆனாலும் வாய்ப்புண்டு. முழு ஃபார்மட் விஸ்டாவிலிருந்து டிஸ்க் முழுக்கப் பூஜ்ஜியம் எழுதுகிறது, அதற்குப் பிறகு மீட்பு இல்லை. எஸ்எஸ்டியாக இருந்தாலோ, டிரிம் வசதியுள்ள எஸ்எம்ஆர் வகை டிஸ்க்காக (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும் வகை) இருந்தாலோ, தகவல் தொலைய குயிக் ஃபார்மட்டே போதும். இடம் காலி என்று டிரிம் கட்டளை உள்ளே போனதும் படித்தால் பூஜ்ஜியம்தான் வரும்.

'ரா' என்றால்

இங்கே அட்டவணை சரி. பார்ட்டிஷனின் முதல் செக்டர், அதாவது பூட் செக்டர், கெட்டிருக்கிறது. ஹெச்எக்ஸ்டி போன்ற ஹெக்ஸ் எடிட்டரில், படிக்க மட்டும் என்ற நிலையில், பார்ட்டிஷனின் முதல் செக்டரைத் திறந்து பாருங்கள். நலமான என்டிஎஃப்எஸ் என்றால் ஈபி 52 90 என்று தொடங்கி, வலது பக்கத்தில் என்டிஎஃப்எஸ் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் கண்ணில் படும், கடைசியில் 55 ஏஏ. எல்லாம் பூஜ்ஜியமாகவோ, அர்த்தமில்லாத குப்பையாகவோ இருந்தால் பிரச்சினை கையில் கிடைத்துவிட்டது. பார்ட்டிஷனின் கடைசி செக்டரில் இதன் பிரதி ஒன்றை என்டிஎஃப்எஸ் வைத்திருக்கும். எஃப்ஏடி32 தன் பிரதியை 6ஆவது செக்டரில் வைக்கும். எக்ஸ்ஃபேட், 12ஆவது செக்டரிலிருந்து.

டெஸ்ட்டிஸ்க்கில் அட்வான்ஸ்டு, பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து, பூட். மேலே பூட் செக்டர் பேட் என்றும் கீழே பேக்அப் ஓகே என்றும் வந்தால், பேக்அப் பிஎஸ் என்பதைக் கொடுங்கள். பிரதியை எடுத்து முதலில் ஒட்டிவிடும். இரண்டும் பேட் என்றால் ரீபில்ட் பிஎஸ். அதிலும் எழுதும் முன் லிஸ்ட் கொடுத்துப் பெயர்கள் வருகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

செக்டிஸ்க் கட்டளையை இந்த நிலையில் ஓட்டினால், ரா டிரைவில் ஓட முடியாது என்று அதுவே மறுத்துவிடும். பூட் செக்டரைச் சரிசெய்து, கோப்புகளை வேறு இடத்துக்கு எடுத்த பிறகு எஃப் சுவிட்ச்சோடு ஓட்டலாம். அதற்கு முன் கூடாது. செக்டிஸ்க்குக்கு ஃபைல் சிஸ்டத்தின் ஒழுங்குதான் முக்கியம், உங்கள் கோப்பு அல்ல. பொருந்தாத வரியை வெட்டி எறியத் தயங்காது. கெட்ட செக்டர் உள்ள டிஸ்க்கில் ஆர் சுவிட்ச் கொடுத்து இரவு முழுக்க ஓட்டுவது இந்த வேலையில் நடக்கும் பொதுவான தப்பு.

தலைப்பும் இல்லை, பிரதியும் இல்லை, லிஸ்ட்டும் காலி என்றால் ஃபோட்டோரெக். டெஸ்ட்டிஸ்க்கோடு சேர்ந்தே வரும். ஃபைல் சிஸ்டத்தைக் கண்டுகொள்ளாமல், ஜேபெக், எம்பி4, பிடிஎஃப் போன்றவற்றின் தொடக்க அடையாளத்தைத் தேடி அள்ளும். பெயர், ஃபோல்டர் எதுவும் வராது. துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்ட பெரிய வீடியோ முழுதாக வராமலும் போகும்.

பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்க்

யுஎஸ்பி பலகை கெட்டுவிட்டது என்று டிஸ்க்கை வெளியே எடுத்து, கணினிக்குள் இருக்கும் சாட்டா இணைப்பு வழியாக நேரே இணைத்தால் பார்ட்டிஷன் காணாமல் போவது ஒரு தனிக் கதை. டிஸ்க் நலம், தகவலும் நலம், ஆனால் எண்ணும் அலகு மாறியிருக்கும். பெரிய கொள்ளளவுள்ள சில பெட்டிகள், செக்டர் ஒன்றுக்கு 4096 பைட் என்று கணினியிடம் சொல்லும். நேரே இணைத்தால் அதே டிஸ்க் 512 என்று சொல்லும். பெட்டியில் இருக்கும்போது பார்ட்டிஷன் 256ஆவது செக்டரில் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 256 பெருக்கல் 4096, அது சரியாக 1 எம்பி. இப்போது அதே 256ஐ 512ஆல் பெருக்கினால் 128 கேபிதான். கணினி தவறான இடத்தில் போய்த் தேடி, ரா என்கிறது. ஜிபிடி என்றால் இரண்டாவது செக்டரில் இருக்க வேண்டிய தலைப்பை 512ஆவது பைட்டில் தேடும், அது இருப்பதோ 4096ஆவது பைட்டில். காவல் அட்டவணை மட்டும் தெரிவதால் புரொடெக்டிவ் பார்ட்டிஷன் என்று காட்டுகிறது. இதற்கு மருந்து, அதே வகைப் பெட்டியில் மறுபடி போடுவது. பார்ட்டிஷனை 'சரிசெய்ய' இறங்காதீர்கள், கெடாததைக் கெடுப்பீர்கள்.

இன்னொரு பொறி: வெஸ்டர்ன் டிஜிட்டல் மை பாஸ்போர்ட், மை புக் வரிசைகளில் பல மாடல்கள், நீங்கள் பாஸ்வேர்டு வைக்காவிட்டாலும், பலகையில் உள்ள சிப் வழியாகத் தகவலை மறைகுறியாக்கியே எழுதும். பலகை இல்லாமல் படித்தால் முதல் செக்டரிலிருந்து கடைசிவரை குப்பையாகத் தெரியும். பழைய பலகையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். புதிய 2.5 அங்குல மாடல்கள் பலவற்றில் டிஸ்க்கின் பலகையிலேயே யுஎஸ்பி சாக்கெட் இருக்கும், சாட்டா முனையே கிடையாது. சாக்கெட் உடைந்தால் சால்டரிங் தெரிந்தவரிடம் போய்ப் புதுச் சாக்கெட் வைப்பதே வழி.

பழுதே இல்லாத சில

மேக்கில் ஏபிஎஃப்எஸ் அல்லது எச்எஃப்எஸ் பிளஸ் முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்கை விண்டோஸில் சொருகினால் ஃபார்மட் கேட்கத்தான் செய்யும். லினக்ஸின் எக்ஸ்ட்4க்கும் அதேதான். நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்ய டிவியில் இணைத்த டிஸ்க்கை அந்த டிவி தன் முறைக்கு மாற்றியிருக்கும், அதன் பதிவுகள் பெரும்பாலும் அந்த டிவியில் மட்டுமே திறக்கும். விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டுப் போட்ட டிஸ்க்குக்கு அதன் பாஸ்வேர்டோ 48 இலக்க மீட்பு எண்ணோ வேண்டும். மீட்பு எண்ணை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருந்தால் அங்கே கிடைக்கும். இரண்டும் இல்லாமல் டெஸ்ட்டிஸ்க்கோ வேறெதுவோ உள்ளே போகாது.

மேக்கில் எக்ஸ்ஃபேட் டிஸ்க் தெரியவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். முறையாக எஜெக்ட் செய்யாமல் பிடுங்கிய டிஸ்க்கை அது பின்னணியில் சோதித்துக்கொண்டிருக்கும். ஆக்டிவிட்டி மானிட்டரில் எஃப்எஸ்சிகே என்று தொடங்கும் பெயர் ஓடுகிறதா பாருங்கள். பெரிய டிஸ்க்கில் மணிக்கணக்கில் ஆகலாம். நடுவில் மறுபடி பிடுங்கினால் மறுபடி முதலிலிருந்து. எக்ஸ்ஃபேட்டுக்கு ஜர்னல், அதாவது செய்யப்போகும் மாற்றத்தை முன்பே குறித்துவைக்கும் பதிவு, கிடையாது, அதனால் பிடுங்குவதில் என்டிஎஃப்எஸ்ஸைவிடச் சீக்கிரம் அடிபடும். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து எஜெக்ட் செய்யாமல் எடுக்க விடும் குயிக் ரிமூவல் இயல்பாகவே போடப்பட்டிருக்கிறது. யாராவது அதை வேகத்துக்காக மாற்றியிருந்தால் எஜெக்ட் செய்யாமல் எடுக்கவே கூடாது.

ஆயிரம் ரூபாய்க்கு 16 டிபி என்று ஆன்லைனில் வாங்கிய டிஸ்க்கில் பார்ட்டிஷன் அடிக்கடி காணாமல் போகிறதா? உள்ளே இருப்பது ஒரு சின்ன மெமரி கார்டு. கொள்ளளவைப் பொய்யாகச் சொல்ல வைத்திருக்கிறார்கள். உண்மையான அளவு நிரம்பியதும் புது எழுத்து பழையதன்மேல், சில நேரம் அட்டவணையின்மேலேயே விழுகிறது. எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற சோதனை மென்பொருளை ஓட்டினால் உண்மை அளவு தெரிந்துவிடும். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

மீட்ட பிறகு

கோப்புகள் வெளியே வந்ததும், பழைய டிஸ்க்கின் பார்ட்டிஷனை அழித்து, ஜிபிடியாகப் புதிதாக உருவாக்கி, குயிக் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள். 2 டிபிக்கு ஐந்தாறு மணி நேரம் எளிதில் ஆகும். அது ஒவ்வொரு செக்டரிலும் எழுதுவதால், காத்திருந்த செக்டர்களுக்கு டிஸ்க் ஒரு தீர்ப்பு சொல்லியே ஆக வேண்டும். முடிந்ததும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவை மறுபடி திறங்கள். சி5 பூஜ்ஜியத்துக்கு வந்து 05 அசையாமல் இருந்தால் அது எழுதும்போது கரண்ட் போனதால் வந்த குழப்பம், டிஸ்க்கைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம். 05 ஏறியிருந்தால், ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் ஏறினால் அதில் இனி படம் போட்டுப் பார்ப்பதோடு சரி. சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை விட்டுவிட்டு அந்தக் கேபிளைக் குப்பையில் போடுங்கள். டிராயரில் வைத்தால் வீட்டில் வேறு யாராவது எடுத்து மறுபடி சொருகுவார்கள்.